நாலு எண்ணும்வரை அசையாதீங்க

பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்ட மனிதர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். மற்றவர்கள் எல்லாம் மோட்டார் போட்டு டேங்கை நிரப்புவார்கள், முதல் நாளே மாவாட்டி வைப்பார்கள், கரண்ட் ஆபீசை நாலு வார்த்தை திட்டுவார்கள். இவர் அந்தச் செய்தியை அழகாகக் கத்தரித்து, தேதிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார். மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வீதியில் வந்து நிற்பார்.

எடப்பாடியில் நான் குடியிருந்த தறி வீதியில் அவருக்குப் பெயர் 'அசையாதீங்க'. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். அவர் மனைவி சரசக்காவிடம் கேட்கலாமென்றால், அவரும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். கூரியர்காரர் வண்டியை நிறுத்தி, "அசையாதீங்க ஊடு எதுங்க?" என்று கேட்டால் வீதியே கை நீட்டும்.

நான் ஆத்தூர்க்காரி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாற்றல் வாங்கி எடப்பாடிக்கு வந்தபோது கிடைத்த வீடு ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் எட்டு விசைத்தறிகள். வாடகை பேசும்போது, "கொஞ்சம் சத்தம் வரும், பழகிக்கோணுமுங்க" என்றார் அவர். சத்தத்தை விடுங்கள். அந்த வீடே நடுங்கும். டம்ளரில் டீ ஊற்றி வைத்தால் குடிப்பதற்குள் அதில் அலையடிக்கும். மேஜையில் வைத்த சாக்பீஸ் தானாக உருண்டு கீழே விழும். ராத்திரி சுவரோரம் போட்டுப் படுத்த என் கட்டில் காலையில் அரை அடி தள்ளி நிற்கும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் அது படியிறங்கி நாச்சிமுத்துவிடமே போய்விடுமோ என்று பயந்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, ஒரு மணி நேரத்தில் தலைவலி என்று அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.

குடிவந்த அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. நான் பள்ளிக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில்.

"அசையாதீங்க!"

அப்படியே உறைந்துபோனேன். பாம்பு. வேறென்ன? கண்ணை மட்டும் உருட்டிப் படிக்கட்டைப் பார்த்தேன். பாம்பைக் காணோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு இரும்பு முக்காலி, அதன் மேல் பழைய கேமரா, அதற்குப் பின்னால் நெற்றி நிறைய திருநீறோடு ஒருவர்.

"பாம்புங்களா?" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"பாம்பில்லீங்க டீச்சர், படம். நாலு செகண்டுதான். மூச்சு உடாதீங்க."

அந்த நாலு செகண்டில் என் இருபது வருஷ ஆயுள் போனது. வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், "நெம்ப நல்லா நின்னீங்க. இந்த வீதியில நாலு செகண்டு நின்ன மொத ஆள் நீங்கதானுங்க" என்றார். எனக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பள்ளிக்குக் கால் மணி நேரம் தாமதம். காரணம் எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியர். 'அசையாமல் நின்றதால்' என்று எழுத முடியுமா? வயிற்றுவலி என்று எழுதினேன்.

அசையாதீங்கவுக்கு மேட்டூரில் ஒரு ரசாயன கம்பெனியில் லேப் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவார். சம்பளம் அந்த வேலைக்கு. உயிர் இந்த ஃபிலிமுக்கு. ஊரே செல்போனில் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிற காலத்தில், அவர் எங்கிருந்தோ ஒரு வகைக் கருப்பு வெள்ளை ஃபிலிமைத் தபாலில் வரவழைப்பார். "அப்படி என்னண்ணே அதுல இருக்கு?" என்று ஒரு நாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு என் வீட்டில் சாம்பார் தீய்ந்தது.

"டீச்சர், ரவையும் மைதாவும் சலிச்சிருக்கீங்கல்ல? சாதா ஃபிலிம் ரவைங்க. பெருசு பண்ணுனா மணி மணியாப் பொரபொரன்னு தெரியும். இது மைதா. ஊதுனாப் பறக்கற மைதா. எத்தன பெருசு பண்ணுனாலும் மணியே தெரியாது. சட்டையில நூலு தெரியும். நூலுல பிசிறு தெரியும்."

"அப்ப எல்லாரும் இதுலயே எடுக்க வேண்டியதுதானே?"

"வெளிச்சம் பத்தாதுங்களே. நைசா இருக்கறதுனால நெம்ப நேரம் வெளிச்சம் கேக்கும். காலையில நெழல்ல எடுத்தா நாலு செகண்டு. நாலு செகண்டு மனுசன் சும்மா நிக்க மாட்டீங்கறானே!"

மனிதன் நின்றாலும் எடப்பாடி நிற்காதே, அதுதான் அவருடைய பெரிய தொல்லை. அந்த இரும்பு முக்காலி சங்ககிரி லாரிப் பட்டறையில் சொல்லி அடித்தது. ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கும். அதன் மூன்று காலுக்கும் லாரி டயரை வெட்டி ரப்பர் செருப்பு வேறு போட்டிருந்தார். என்ன செய்து என்ன? கேமராவுக்கு முக்காலி போடலாம், பூமிக்கு எவர் போடுவது? வீதி முழுக்கத் தறி ஓடும்போது தரையே அதிரும். சாதா ஃபிலிமுக்கு அது தெரியாது. இந்த ஃபிலிம் அதையும் பிடித்து வைத்துக்கொண்டு படத்தை மங்கலாக்கிவிடும்.

தறிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஆனால் ஒவ்வொரு தறிக்கூடத்துக்கும் ஒவ்வொரு நாள். பண்டிகைக்கு எல்லாத் தறியும் நிற்கும். அன்றைக்கு ஆட்களெல்லாம் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஆளும் இருந்து தறியும் நிற்பது மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட்டை நிறுத்தும் ஷட்டவுன் அன்று மட்டும்தான். இஸ்திரி போட்ட சட்டையின் ரகசியம் இப்போது புரிந்திருக்கும்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. எங்கள் வீதியில் இருக்கும் ஐம்பத்தெட்டுப் பேரையும் ஒரே படத்தில், ஒருவர்கூட அசையாமல், சட்டைப் பொத்தானின் நூல்வரை தெரிகிற மாதிரி எடுத்துவிட வேண்டும். "எதுக்குண்ணே?" என்றால், "நாம இருந்தோம்னு தெரியோணுமில்லீங்க" என்பார். அதற்கு மேல் அவருக்கே சொல்லத் தெரியாது.

எடுப்பதோடு வேலை முடிந்ததா? இல்லை, அப்புறம்தான் கூத்து. அந்த ஃபிலிமைக் கழுவ ஒரு மருந்து வேண்டும். "இது ஆபீசுல பழைய ரிக்கார்டப் படம் புடிக்கறதுக்குன்னு செஞ்ச ஜாதிங்க டீச்சர். எழுத்துன்னா கருப்பு, காயிதம்னா வெள்ளை. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. மனுச மூஞ்சிக்கு அது போதுமா? மனுசன் பூராம் நடுவால இருக்கற சாம்பல்தானுங்க. கடுசான மருந்து ஊத்துனா மூஞ்சி கரியாயிரும், இல்லாட்டி சுண்ணாம்பாயிரும். சாதுவான மருந்தா வேணும்." அந்தச் சாது மருந்தை அவரே தராசு வைத்துத் துளித்துளியாக எடை போட்டுக் கலக்குவார். சரசக்கா குழம்புக்கு உப்புப் போடுவதைப் பார்த்தால் அவருக்கு ஜுரம் வந்துவிடும். "கையால அள்ளிப் போடறயே சரசு, கிராம் கணக்கு என்ன?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டுமாம். எடப்பாடியில் சித்திரை மாதம் பைப்பைத் திறந்தால் டீத்தூள் மட்டும் போட்டால் போதும், அவ்வளவு சூடு. ஃபிரிஜ்ஜில் வைக்க சரசக்கா விடவில்லை. ஒரு தடவை அவருடைய தம்பி, ஃபிரிஜ்ஜில் இருந்த பழுப்பு பாட்டிலைக் கஷாயம் என்று டம்ளரில் ஊற்றிவிட்டார். நல்லவேளை, வாய்க்கு முன்னால் மூக்கு போய்ப் பார்த்தது. அன்றோடு ஃபிரிஜ் கதவு மூடப்பட்டது. அதற்கப்புறம் அசையாதீங்க மேட்டூரில் அணை மீன் விற்கிறவர்களிடம் ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார். ஐஸோடு ஜிலேபி மீன் வாசமும் சேர்ந்து வரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் வீடுவரை பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வந்ததை நானே பார்த்தேன். அவர் கொடுத்த என் படிக்கட்டுப் படத்தை இன்றைக்கு முகர்ந்தாலும் லேசாக மீன் வாசம் அடிக்கும்.

இன்னொரு சங்கடம். மருந்தும் ஃபிலிமும் இருக்கிற டப்பாவை நிமிஷத்துக்கு ஒரு தடவை பதமாகச் சாய்க்க வேண்டும், மற்ற நேரம் சும்மா விட வேண்டும். எங்கள் வீதியில் எது சும்மா இருக்கும்? தரையில் வைத்தால் தறி அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, சரசக்காவின் பழைய சேலையில் உத்தரத்திலிருந்து ஒரு தொட்டில் கட்டி, டப்பாவை அதில் படுக்க வைப்பது.

"தொட்டில் மட்டும் ஆடாதாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆடறது வேற, அதிர்றது வேறீங்க டீச்சர். ஆடுனா மருந்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஜன்னல் வழியாகத் தொட்டிலைப் பார்த்துவிட்டாள் ஒரு மகராசி. சரசக்காவுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம், பிள்ளை இல்லை. சாயங்காலத்துக்குள் செய்தி வீதியைத் தாண்டிவிட்டது. மறுநாள் நாலைந்து பெண்கள் பூவும் வளையலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஐம்பது வயதில் சரசக்காவுக்கு இப்படியொரு வரிசை. எனக்குத் திக்கென்றது. அக்கா அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"உக்காருங்க. உள்ளதான் இருக்குது. பதினாலு நிமிசத்துல பொறந்துரும்" என்றார்.

உட்கார்ந்தார்கள். சரியாகப் பதினாலாவது நிமிஷம் அசையாதீங்க வெளியே வந்து, ஈரம் சொட்டும் ஃபிலிமைத் தூக்கிக் காட்டினார். வளையலை அக்கா திருப்பித் தரவில்லை. "குடுத்தது குடுத்ததுதான்" என்று போட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்கும் அவருக்கும் பகை வந்த கதையைச் சொல்ல வேண்டும். தறிக்காரர்கள் எல்லோரிடமும் பிக் கிளாஸ் என்று ஒரு சின்னப் பூதக்கண்ணாடி இருக்கும். துணி மேல் வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்று எண்ணுவதற்கு. அசையாதீங்க படம் போட்டுக் கொடுத்தால் எங்கள் வீதியில் யாரும் 'அழகா இருக்கேனா' என்று பார்ப்பதில்லை. நேரே பிக் கிளாஸை வைத்து நூலை எண்ண ஆரம்பிப்பார்கள். இப்படி ஒரு ஜனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து தோளில் துண்டோடு கம்பீரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். துண்டு அவருடைய தறியில் நெய்தது. அங்குலத்துக்கு, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஐம்பத்தாறு என்று ஊரெல்லாம் சொல்லி விற்கிற துண்டு. படம் டீக்கடைக்கு வந்தது. ஒருவர் கிளாஸை வைத்தார். இன்னொருவர் எண்ணினார். படத்தில் துண்டு சின்னதாக இருக்கிறதே, அங்குலக் கணக்கு எப்படிப் போடுவது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு மடச்சி. விகிதக் கணக்கு என்றதும் மகிழ்ந்துபோய், துண்டின் அகலத்தைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் போட்டு விடையைச் சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டு.

அன்றிலிருந்து ஆறு மாதம் நாச்சிமுத்து அசையாதீங்கவோடு பேசவில்லை. என்னோடு பேசினார், நான் வாடகை தருகிறவள் ஆயிற்றே. ஆனால் மாடிக்குத் தண்ணீர் மட்டும் அடிக்கடி வராமல் போனது.

இதற்கு நடுவே ஐம்பத்தெட்டுப் பேர் படம் ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் தோற்றுக்கொண்டே வந்தது. செகண்ட் எண்ணுவது என் வேலை. வகுப்பறைக் குரலில் "ஒண்ணு... ரெண்டு..." என்பேன். ஒரு மாதம் மூன்றில் ஆடு குறுக்கே போனது. ஒரு மாதம் இரண்டில் ஒருவர் தும்மினார், அவருக்கு அத்தனை பேர் ஆயுசு சொன்னார்கள். ஒரு மாதம் எல்லாம் கூடிவந்து நாலு என்று சொல்ல வாயெடுத்தேன், கரண்ட் வந்துவிட்டது. பாதிப் பேர் சுவிட்சை அணைக்காமலே வந்திருந்ததால் தறிகள் தானாக ஓட ஆரம்பித்தன. படத்துக்கு நின்ற கூட்டம் நாலு பக்கமும் ஓடியது. நாச்சிமுத்து படத்துக்கு வருவதே இல்லை. அப்போது ஐம்பத்தேழு பேர்தான்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் அசையாதீங்க மாடியேறி வந்து எனக்கு டீ கொடுத்தார். டம்ளர் சாசரில் கடகடவென்று அடித்தது. கீழே தறி ஓடுகிறது என்று நினைத்தேன். அன்றைக்கு நாச்சிமுத்துவின் தறிக்கு ஓய்வு நாள்.

அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "மூணு மாசமா இப்படித்தானுங்க டீச்சர். தறி நின்னாலும் இது நிக்க மாட்டீங்குது" என்றார். சேலத்தில் டாக்டரிடம் காட்டியாயிற்று. நடுக்க வியாதி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கேட்க நாளாகும், எவ்வளவு கேட்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. கேமராவைத் தொடாமல், அதில் மாட்டிய நீளக் கம்பியின் நுனியைத்தான் அவர் அமுக்குகிறார், அதனால் படம் எடுப்பதில் கஷ்டமில்லை. ஆனால் ஃபோகஸ் பண்ண விரல் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கும்மிருட்டில் ஃபிலிமைத் தடவித் தடவி, மருந்து டப்பாவுக்குள் இறங்கும் ஒரு சுருளில் ஏற்ற வேண்டும். போன மாதம் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கி, படமெல்லாம் பிறை பிறையாக வீணாகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு ரோல் வைத்திருந்தார்.

"மாசத்துக்கு மாசம் கூடுதுங்க. மாசியிலயோ பங்குனியிலயோ எடுத்தா உண்டு" என்றார். ஊரையே அசையாதே என்று சொன்ன மனிதர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. டீச்சர் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாசி ஷட்டவுன் அன்று மழை. பங்குனிக்கு அறிவிப்பே வரவில்லை. பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார். எனக்குத்தான் காரணம் தெரியும். பொதுத்தேர்வு நடக்கும்போது ஷட்டவுன் கிடையாது. என் பிள்ளைகள் பரீட்சை எழுதுவதற்காக அவருடைய படம் போகிறது. அதைச் சொன்னதும், "அது சரிங்க, கொழந்தைங்க படிப்பு பெருசுங்களே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

நான் நேரே நாச்சிமுத்துவிடம் போனேன். பத்தே நிமிஷம் எல்லோரும் தறியை நிறுத்தினால் போதும் என்றேன்.

"என்ன டீச்சர் பேசறீங்க? ஓடற தறிய நிறுத்தி ஓட்டுனா துணியில கோடு உழும். பாக்கறவன் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும். எங்கப்பன் செத்தன்னைக்குக்கூட நாந் தறிய நிறுத்துலீங்க" என்றார். அது நிஜம் என்று வீதியில் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். என்ன சத்தம் என்று காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னை எழுப்பியிருக்கிறது. ஜன்னலுக்கு ஓடினேன். வீதி நடுவில் நாச்சிமுத்து நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"மெயின அணைங்கடா! சுவிச்சு இல்லடா, மெயினு! ஆட்டப் புடிச்சுக் கட்டுங்க!"

வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். நான் இறங்கி ஓடினேன். "எப்படிண்ணே?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து டீக்கடையில அந்த மனுசன் டம்ளர ரெண்டு கையில புடிச்சுக் குடிச்சாருங்க டீச்சர். அதப் பாத்துப்போட்டு எப்படிங்க தறி ஓட்டறது? கோடு உழுந்தா உழுந்துட்டுப் போகுது" என்றார். அன்றைக்கு அவர் தோளில் துண்டு இல்லை. முன்ஜாக்கிரதை.

அசையாதீங்க சட்டையை இஸ்திரி போடாமலே ஓடிவந்தார். முக்காலியைத் தூக்க நாலு பேர். ஃபோகஸ் வளையத்தை அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். பத்து நிமிஷத்தில் நாலு படம். நான் எண்ண எண்ண முதலில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது, அப்புறம் பால்காரர் வண்டி நுழைந்தது, அப்புறம் கட்டிவைத்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது, நாலாவதில் நாச்சிமுத்துவே திரும்பி, "எவன்டா அங்க அசையறது?" என்று கேட்டார்.

ஐந்தாவதுக்குச் சரசக்கா கூட்டத்திலிருந்து இறங்கிவந்து, புருஷனின் கையைப் பிடித்தார்.

"முப்பது வருசமா எல்லாரையும் நிக்க வெச்சீங்க. வாங்க, நீங்களும் நில்லுங்க. டீச்சர் அமுக்குவாங்க."

"என்ற கை ஆடுமே சரசு. படம் கெட்டுரும். ஒரே ரோலு."

"ஆடட்டும், போச்சாது. நான் புடிச்சுக்கறேன்."

நடுவில் போய் நின்றார்கள். நான் கம்பியை அமுக்கினேன். "ஒண்ணு." ஐம்பத்தெட்டுப் பேருக்கும் அந்த ஒரு கை மேல்தான் நினைப்பு. "ரெண்டு." யாரும் மூச்சு விடவில்லை. குழந்தைகூட அவரையே பார்த்தது. "மூணு." அந்த வீதியில் நான் இருந்த மூன்று வருஷத்தில் கேட்காத காக்கைச் சத்தம் தூரத்தில் கேட்டது. "நாலு."

"ஓட்டுங்கடா தறிய!" என்றார் நாச்சிமுத்து.

படம் எடுத்தாயிற்று, ஆனால் ஃபிலிமை யார் சுருளில் ஏற்றுவது? பாத்ரூம் வாசலில் அசையாதீங்க தயங்கி நின்றார். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நாப்பது வருசமா அந்து போன நூலக் கண்ணுல பாக்காம வெரல்ல தேடிப் புடிச்சு முடிபோடறவனுங்க நானு. இது எம்மாத்திரம்? நகருங்க." இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆறு மாதப் பகை, மூன்றடிக்கு மூன்றடி பாத்ரூம், கும்மிருட்டு. வெளியே நாங்கள் எல்லோரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"எங்கீங்க அந்த வாயி?"

"இங்கீங்க. தடவிப் பாருங்க."

"மாட்டீங்குதுங்களே!"

"அது என்ற வெரலுங்க!"

"சரி சரி, மாட்டிருச்சு. சுத்தட்டுமா?"

"மெதுவா. வேர்வை உழுந்துராம."

சுருள் சுற்றும் சரசரப்பு கேட்டது. அப்புறம் நாச்சிமுத்துவின் குரல் தணிவாக வந்தது. "ஏனுங்க, அந்தத் துண்டு... நாப்பத்தெட்டுத்தானுங்க. டீச்சர் கணக்கு சரிதான்."

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார் இவர்.

டப்பா தொட்டிலுக்குப் போனது. சுற்றிலும் தறிகள் ஓட, தொட்டில் தன் பாட்டுக்குத் தொங்கியது. நிமிஷத்துக்கு ஒரு தடவை நாச்சிமுத்து டப்பாவை எடுத்து, கைக்குழந்தையைப் போலச் சாய்த்துப் படுக்க வைத்தார். பதினாலு நிமிஷம். அப்புறம் இன்னும் இரண்டு கழுவல். காத்திருந்து தவித்துப்போனோம். வாசலிலிருந்து ஒரு பெண் பொறுக்க முடியாமல் கத்தினாள்.

"ஏனுங்க, பொறந்துருச்சுங்களா?"

"பொறந்துருச்சு!" என்று உள்ளேயிருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தார். "தாயும் புள்ளையும் சொகம்!"

படம் போட்டு வந்ததும் வீதியே டீக்கடையில் கூடி, ஆளுக்கொரு பிக் கிளாஸோடு குனிந்துகொண்டது. முதல் நாலு படமும் வீண். ஐந்தாவதில் அத்தனை பேரும் கல்லில் செதுக்கின மாதிரி நின்றார்கள். பொத்தானில் நூல் தெரிந்தது. ஆட்டின் அறுந்த கயிற்றில் பிரி தெரிந்தது. நாச்சிமுத்துவின் மீசையில் நரை எத்தனை என்று எண்ணி அவரிடமே சொன்னார்கள். ஒரே ஒரு ஆள்தான் மங்கல். நடுவில் நின்ற அசையாதீங்க, கையோடு சேர்ந்து உடம்பும் தலையும் ஆடியிருக்கிறது. சரசக்காவின் கை மணிக்கட்டு வரைக்கும் வளையலோடு துல்லியமாக இருக்கிறது. அதற்கப்புறம் அவர் கையைப் பிடித்த இடத்தில் இரண்டு கையும் ஒன்றாகக் கலைந்துபோயிருக்கிறது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாரும் நின்னுட்டாங்க. நாந்தான் அசைஞ்சுட்டேன்" என்றார்.

"போச்சாது உடுங்க. அடுத்த ஷட்டவுன்ல ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார் நாச்சிமுத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீதியில் நெய்த துணி ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. அதையும் வாங்கி யாரோ எங்கேயோ உடுத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

நான் இப்போது சேந்தமங்கலத்தில் இருக்கிறேன். தறியில்லாத வீதி. முதல் மாதம் தூக்கமே வரவில்லை. போன வாரம் அசையாதீங்க போன் பண்ணினார். மாத்திரை கேட்கிறதாம், டம்ளரை ஒரு கையில் பிடித்துக் குடிக்கிறாராம். புதிதாக ரெண்டு ரோல் வந்திருக்கிறதாம். ஃபிலிமைச் சுருளில் ஏற்ற நாச்சிமுத்து இருக்கிறார், எண்ணுவதற்குத்தான் ஆள் சரியில்லையாம். "புதுசா வந்தவரு மூணையும் நாலையும் சேத்துச் சொல்லிப்போடறாருங்க டீச்சர். அடுத்த சனிக்கெழம ஷட்டவுனு. பேப்பர்ல போட்டுட்டான். வாரீங்களா?"

டிக்கெட் போட்டுவிட்டேன், அதாவது பஸ் நேரம் விசாரித்துவிட்டேன்.

படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வாங்கிவந்த பிக் கிளாஸை எல்லோர் முகத்திலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் வைத்தால் கண்ணும் தெரியாது, மூக்கும் தெரியாது, கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வெறும் சாம்பல். மனுசன் பூராம் அதுதான் என்றாரே. காலையில் செருப்பை மாட்டுவதற்கு முன் அதன் எதிரே போய் நிற்பேன், நாலு எண்ணும்வரை அசையமாட்டேன்.